சொல்லுக்கு ஒரு தரிப்பு

மாத்தளையிலிருந்து எல்கடுவ வரை இருபத்திரண்டு பஸ் தரிப்புகள். 1963 மார்ச் 11, திங்கட்கிழமை காலை, கொண்டக்டர் சாலிஹ் அவற்றில் ஆறைச் சொல்லி முடித்திருந்தார். ஏழாவது உக்குவளை. அவருடைய சொந்த ஊர். அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை "அதுதான்" என்றார். முன் ஆசனத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். சாலிஹ் பகிடிக்காரர், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இறங்கும் இடத்தில் "மாமியார் வீடு, மாமியார் வீடு" என்று கத்துகிறவர். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தார்கள். சாரதி லாபிர் சிரிக்கவில்லை. மணிக்கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நிற்பது, இரண்டு தடவை இழுத்தால் புறப்படுவது. அன்று உக்குவளையில் ஒரு மணியும் அடிக்கவில்லை. லாபிர் கண்ணாடியில் பார்த்தார். சாலிஹின் வலது கை கயிற்றிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது.

லாபிர் பஸ்ஸை அப்படியே திருப்பி மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். எல்கடுவ போகவேண்டியவர்களில் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

சாலிஹுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. முதலாளிமாருடைய பஸ் ஓடிய காலத்திலும், அரசாங்கம் பஸ்களை எடுத்த பிறகும், பதினொரு வருஷமாக அதே பாதையில் நின்றவர். பாரிசவாதம் என்றார்கள். மூன்று கிழமையில் கால் திரும்பியது. வலது கை ஒரு கோப்பையைப் பிடிக்கும் அளவுக்கு வந்தது. நாக்கில் மட்டும் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "அதுதான்." மகள் மஸூதாவைக் கூப்பிட்டாலும் "அதுதான்." கோபம் வந்தால் அதே சொல்லைச் சத்தமாகச் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

ஏப்ரல் முதலாம் திகதி டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாத லீவு. செப்டெம்பர் 9ஆம் திகதி நேரில் வந்து தரிப்புகளைக் கூவிக் காட்டவேண்டும், பயணிகள் கேட்பதற்குப் பதில் சொல்லிக் காட்டவேண்டும். முடியாவிட்டால் வேலை இல்லை.

மனைவி ஸக்கியா கலண்டரை எடுத்து எண்ணினாள். இருபத்து மூன்று கிழமை.

ஸக்கியா வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு சட்டை தைக்கிறவள். உக்குவளையில் பாதிப் பெண்களின் அளவு அவள் கொப்பியில் இருந்தது. துணி வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளப்பாள். ஒரு தடவை போதும் என்று வாடிக்கைக்காரி சொன்னால், "அப்ப வேற எடத்துல குடுங்க" என்பாள். புருஷனுடைய நாக்கு விஷயத்திலும் அந்தக் குணம்தான் முன்னால் வந்தது.

வருத்தம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். வல்லாரை என்றார் ஒருவர். நூல் ஓதிக் கட்டு என்றார் இன்னொருவர். வில்கமுவப் பக்கம் ஒருவர் சூடு வைக்கிறார் என்று ஒரு செய்தியும் வந்தது. ஸக்கியா எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தாள், எதையும் மறுக்கவில்லை, எதையும் உடனே செய்யவும் இல்லை. மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டாள். இந்த வருத்தத்தில் உங்களால் சுகப்படுத்த முடியாமல் போனவர் யார்? எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? வைத்தியம் செய்யும்போது நான் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா?

ஊருக்குள் இருந்த சிங்கள நாட்டு வைத்தியர், வெதமாத்தயா, முதல் கேள்விக்கே விரல் மடித்து ஐந்து பேரைச் சொன்னார். கைக்கும் காலுக்கும் எண்ணெய் தருவேன், நாக்கு என் கைக்கு வராது என்று கையை விரித்தார். ஸக்கியா அவருடைய எண்ணெயை வாங்கிக்கொண்டாள்.

மாத்தளை ஊருக்குள், ஒரு கடைக்கு மேல்மாடியில், 'நரம்புப் பேராசிரியர்' என்று பலகை தொங்கவிட்டு ஒருவர் இருந்தார். பித்தளைப் பெட்டி, அதற்குள் பட்டரி, அதிலிருந்து இரண்டு வயர். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட நன்றிக் கடிதங்கள். சாலிஹின் உம்மா நாச்சியா அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு கிழமையாக அழுதுகொண்டிருந்தாள். ஸக்கியா போய்த் தன் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"பதினெட்டு வருஷத்துல ஒருத்தர் கூட இல்லம்மா" என்றார் பேராசிரியர். "பன்னிரண்டு தடவ கரண்ட் வச்சா, பதிமூணாவது நாள் உங்க மாப்பிள ரேடியோவுல பேசுவாரு."

இரண்டாவது கேள்விக்கு அவர் சிரித்தார். மூன்றாவதற்கு அவளை வெளியே போய் உட்காரச் சொன்னார். அந்த இடத்திலேயே அவள் திரும்பியிருக்கவேண்டும். ஆனால் சாலிஹ் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்த முகத்தோடு "அதுதான்" என்று தலையாட்டினார். அந்த முகத்துக்கு முன்னால் ஸக்கியாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஈரத்துணி வைத்து நாக்கில் கரண்ட் கொடுத்தார்கள். கண்ணில் நீரோடு வெளியே வந்தார் சாலிஹ். இனி பன்னிரண்டு நாளைக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, சொன்னால் நரம்பு அறுந்துவிடும் என்பது உத்தரவு.

நான்காம் நாள் மஃரிப் நேரம். ஸக்கியா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் சாலிஹ் தொழுதுகொண்டிருந்தார். சத்தம் கேட்டது. குர்ஆனின் முதல் அத்தியாயம், பாத்திஹா சூரா. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஓர் இடத்தில்கூட தடக்கமில்லை. மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு அப்படியே இருந்தாள்.

நாச்சியாவுக்குச் சந்தேகமே இல்லை. கரண்ட் வேலை செய்துவிட்டது. மறுநாளே பேராசிரியருக்குச் செய்தி போனது. அவர் உடனே ஒரு நன்றிக் கடிதமும் ஒரு போட்டோவும் கேட்டு அனுப்பினார். சுவரில் தொங்கும் கடிதங்களும் இப்படி முதல் சத்தம் கேட்ட மறுநாளே எழுதி வாங்கியவை என்று ஸக்கியாவுக்கு அப்போது விளங்கியது. புருஷனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்க. கரண்ட் வைக்க முந்தியும் உங்களுக்கு ஓத முடிஞ்சதா?"

தலையாட்டினார்.

"எப்ப இருந்து?"

அவர் கையை நீட்டிப் படுத்துக் காட்டினார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார். ஆஸ்பத்திரிக் கட்டில். முதல் கிழமை. அங்கே வாய்க்குள் ஓதியிருக்கிறார். யாரும் காதுகொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் ஸக்கியா இதை டொக்டரிடம் சொன்னாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் டொக்டர். அவரிடமும் முதல் கேள்வியைக் கேட்டாள். அவர் பேனையை மூடி வைத்தார்.

"போன வருஷம் இந்த வாட்டிலயே நாலு பேருக்குப் பேச்சுத் திரும்பேல்லை" என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். நாக்கு செத்துப்போகவில்லை. பழுதானது மூளையில், புதிதாக ஒரு சொல்லை எடுத்துக் கோர்க்கும் இடம். ராகத்தோடும் தாளத்தோடும் சின்ன வயதிலிருந்து ஊறிப்போனவை வேறு வழியாக வெளியே வருகின்றன. தண்ணீர் கேட்க முடியாதவர்கள் ஒன்று இரண்டு எண்ணுவதையும், தேவாரம் பாடுவதையும் அவர் பார்த்திருக்கிறார். அந்த வழியால் மற்றச் சொற்களையும் கொண்டுவரலாம் என்று சிலர் முயன்று பார்த்திருப்பதாக வாசித்திருக்கிறார்.

"நான் ஒண்டும் சத்தியம் பண்ணமாட்டன், அம்மா. செய்து பாருங்கோ. கிழமைக்குக் கிழமை எத்தினை சொல் வந்தது எண்டு எழுதுங்கோ. மாசம் ஒருக்கா நான் பாக்கிறன். ரெண்டு மாசத்தில ஒரு மாற்றமும் இல்லாட்டி விட்டுப்போட்டு வேற யோசிப்பம். பேசாம இருக்கச் சொன்ன ஆளிட்டை மட்டும் திரும்பப் போகாதையுங்கோ."

பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று அவள் கேட்கவில்லை. வைத்தியமே அவள் கையில்தான் வந்திருந்தது.

முதலில் செய்ததில் பிழை விட்டாள். வாயில் வருவது பாத்திஹாவின் ராகம் என்றால் அந்த ராகத்திலேயே வீட்டுச் சொற்களைக் கொடுத்தால் என்ன? "தண்ணி தாங்க" என்று ஓதுகிற இழுப்பில் இழுத்துக் காட்டினாள். சாலிஹ் மூன்றாம் நாள் அதைத் திருப்பிச் சொல்லவும் செய்தார். அடுக்களையிலிருந்து நாச்சியா வந்து நின்றாள்.

"மகள், ஓதுற ராகத்துலயா சோறும் தண்ணியும் கேக்குற? இது நல்லாவா ஈக்குது?"

 ஸக்கியா பள்ளிவாசலில் தொழுவிக்கும் லெப்பையிடம் ஆள் அனுப்பிக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. ஓதல் ஓதலாகவே இருக்கட்டும், வீட்டுப் பேச்சுக்கு வேறு ஏதாவது தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சாலிஹே அன்றிலிருந்து அந்தத் "தண்ணி தாங்க"வைச் சொல்ல மறுத்துவிட்டார். வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினார். கரண்டுக்குப் போன நாட்களோடு சேர்த்து, இருபத்து மூன்று கிழமையில் ஐந்து போய்விட்டது. வந்திருந்த சொல் ஒன்றுமில்லை.

அந்தக் கிழமை லாபிர் வந்தார். உள்ளே வருவதற்கு முன் கதவு நிலையில் மோதிர விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். டக், டக். பஸ்காரன் பழக்கம், புறப்படுவதற்கான மணி. கதிரையில் இருந்த சாலிஹ் நிமிர்ந்தார். வாய் தானாகத் திறந்தது.

"மார்க்கட்டடி, பாலத்தடி, கொக்கோ ஸ்டோரு, மில்லடி, வாய்க்கால்பட்டி, ஸ்டேசன் ரோட்டு, உக்குவளை, ஸ்கூலடி..."

எல்கடுவ வரை போய்த்தான் நின்றது. இருபத்திரண்டும்.  லாபிர்தான் முதலில் பேசினார்.

"மச்சான், என்ட பஸ்ஸ மறிச்சிட்டு நீ வீட்டுல இருந்து ஓட்டுறியா?"

சாலிஹ் "அதுதான்" என்று சிரித்தார். ஸக்கியா உள்ளே போய் ஒரு புதிய கொப்பியை எடுத்துவந்தாள்.

அவள் யோசித்தது இதுதான். இந்தப் பாதை அவருக்குள் முழுதாக இருக்கிறது. சொற்களைப் பயணிகள் மாதிரி அதில் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு தரிப்பிலும் ஒன்று இறங்கும். ஆனால் எந்தச் சொல் எந்தத் தரிப்பில் என்பதைச் சும்மா வைக்கக்கூடாது. அந்த இடத்தில் உண்மையாகவே இருக்கிற பொருளோடு வைக்கவேண்டும். பாலத்துக்குக் கீழே ஆறு, அதனால் பாலத்தடியில் தண்ணி. கொக்கோ ஸ்டோருக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை, அங்கே பிளேன்டீ. நெல் குத்துகிற மில்லடியில் சோறு. ஸ்கூலடியில் மஸூதா, அவள் படிப்பது அங்கே. சாலிஹ் நல்ல இடது கையால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிப் புறப்படுவார். "மார்க்கட்டடி, பாலத்தடி, தண்ணி." அங்கே நிற்கவேண்டும். அதுதான் கஷ்டம். பஸ் நிற்காமல் எல்கடுவ வரை ஓடிவிடும். ஸக்கியா பக்கத்தில் இருந்து மேசையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவாள்.

நான்கு சொல் வந்தது முதல் கிழமையில். இரண்டாம் கிழமையும் நான்கு. மூன்றாம் கிழமை மூன்றாகக் குறைந்தது. அதையும் அப்படியே எழுதினாள்.

ஒரு பெரிய பிழையும் நடந்தது. கக்கூஸ் என்ற சொல்லை அவள் பதினேழாவது தரிப்பான லயத்து வளைவில் வைத்திருந்தாள், பாதையோரமாகவே தோட்டத்துக் கக்கூஸ்கள் தெரிகிற இடம் அது என்பதால். ஒரு நாள் காலை சாலிஹ் தட்டத் தொடங்கினார். ஸக்கியா பொறுமையாகக் காத்திருந்தாள். ஸ்கூலடி தாண்டியது, றப்பர்ப் பிரிவு தாண்டியது. அவர் முகம் சிவந்துகொண்டு வந்தது. பதினான்காவது தரிப்பில் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். நாச்சியா அடுக்களையில் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

"அவசரமான ஆள முன் சீட்டுல ஏத்தணும் மகள்" என்றாள் நாச்சியா.

பேராசிரியரை மறக்காமல் இருந்த நாச்சியா அன்றிலிருந்து கட்சி மாறிவிட்டாள். கக்கூஸ் மார்க்கட்டடிக்கு வந்தது. அங்கேயும் ஒன்று இருக்கிறது. அதிகம் தேவைப்படுகிறவை முன்னுக்கு, மற்றவை பின்னுக்கு என்று ஸக்கியா முழுப் பாதையையும் பிரித்து மறுபடி தைத்தாள்.

ஜூன் மாதக் கிளினிக்கில் கொப்பியில் பத்தொன்பது சொல். டொக்டர் சாலிஹின் இடது கையைத் தன் கையால் மெதுவாக அமர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கிளாஸைக் காட்டி இது என்ன என்றார். சாலிஹ் தவித்தார். "அதுதான்" என்றார். கையை விட்டதும் தட்டித் தண்ணி என்றார். டொக்டர் இரண்டையும் எழுதினார். முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் தாளமில்லாமல் இன்னும் வரவில்லை, அதை மறக்கவேண்டாம் என்று ஸக்கியாவிடம் ஒளிக்காமல் சொன்னார்.  கசந்தாலும், கேட்டதை நம்பலாம் என்ற நிம்மதியோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகு நேரத்தைப் பிடித்தாள். பஸ் நேரங்கள், இலக்கங்கள். முதல் தரிப்பு ஒன்று, இரண்டாவது இரண்டு என்று தரிப்புகளையே இலக்கமாக்கினாள். ஒரு கேள்விக்குப் பதில் வர ஜூனில் மூன்று நிமிஷம் ஆனது. ஜூலையில் இரண்டு. சில தரிப்புகளில் இரண்டு சொல் இறங்கத் தொடங்கின. ஓகஸ்ட் கடைசியில் நாற்பத்தொரு சொல். அவற்றில் எட்டு, தட்டாமலே வந்தன.

செப்டெம்பர் 9, திங்கட்கிழமை, டிப்போ முற்றத்தில் சோதனை. சோதித்தவர் பரிசோதகர் கணபதி. அவர் பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர்மார் காசையும் டிக்கெட்டையும் மறுபடி எண்ணுவார்கள். உறவுக்காரன் என்றும் பார்க்கமாட்டார். வேலை முடிந்த டிரைவர்மாரும் மெக்கானிக்குகளும் கூடிவிட்டார்கள். ஸக்கியா கொப்பியோடு ஓரமாக நின்றாள். லாபிர் பஸ்ஸின் சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார்.

தரிப்புகளைக் கூவச் சொன்னார் கணபதி. சாலிஹ் பஸ்ஸின் மிதிபலகையில் நின்று தொடையில் தட்டினார். மேலே போகும் பாதை இருபத்திரண்டும், கீழே வரும் பாதை இருபத்திரண்டும், ஒரு பிசிறில்லாமல் விழுந்தன. கூட்டம் கைதட்டியது. கணபதி கையைத் தூக்கி அதை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் ஏறி ஒரு பயணியாக உட்கார்ந்தார்.

"பங்களாவுக்குப் போகணும். எங்க இறங்குறது?"

"பங்களாச் சந்தி" என்றார் சாலிஹ், உடனே.

"அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"

சாலிஹ் தட்டத் தொடங்கினார். உதடு மட்டும் அசைந்தது. மார்க்கட்டடி, பாலத்தடி. தவறியது. மறுபடி முதலிலிருந்து. ஸக்கியா தன் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். இங்கே மேசையில் தட்டி நிறுத்த அவளுக்கு உரிமை இல்லை. கணபதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டே... கால்" என்றார் சாலிஹ்.

"சரியான பதில்" என்றார் கணபதி. "நாப்பத்தெட்டு செக்கன்."

அவர் இறங்கி ஸக்கியாவிடம் வந்தார். கடுமையாகச் சொல்லவில்லை. காலைப் பஸ்ஸில் எழுபது பேர் தொங்குவார்கள், ஒருவருக்கு நாற்பத்தெட்டு செக்கன் கொடுக்க முடியாது, பிழையான இடத்தில் ஒருவர் இறங்கி விழுந்தால் அந்தப் பழி இவருக்குத்தான் வரும் என்றார். 

"அய்யா, ஒண்ணு கேக்குறேன்" என்றாள் ஸக்கியா. "அவரு பிழையாச் சொன்னாரா, சுணங்கிச் சொன்னாரா?"

"சுணங்கித்தான்."

"பிழைன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன். சுணக்கம் கொறையுது. இந்தக் கொப்பியப் பாருங்க. ஜூன்ல மூணு நிமிஷம். இப்ப நாப்பத்தெட்டு செக்கன். இன்னும் மூணு மாசம் தாங்க. முடியாட்டி நானே வந்து வேல வேணாம்னு எழுதிக் குடுக்குறேன்."

கணபதி கொப்பியை வாங்கினார். குறைந்த கிழமைகளும் அதில் குறைவாகவே எழுதப்பட்டிருந்தன. அவர் அந்தப் பக்கங்களில்தான் அதிக நேரம் நின்றார்.

"சுணக்கம்" என்றார் சாலிஹ்.

எல்லாரும் திரும்பினார்கள். அவருடைய இரண்டு கைகளும் பஸ் கம்பியைப் பிடித்திருந்தன. அந்தச் சொல் எந்தத் தரிப்பிலும் வைக்கப்படவில்லை, கொப்பியிலும் இல்லை. அவர் கணபதியைப் பார்த்துத் தலையாட்டி மறுபடியும் சொன்னார்: "சுணக்கம்... சரி."

கணபதி அதற்காகத் தன் அறிக்கையை மாற்றவில்லை. கொண்டக்டர் வேலைக்கு இன்று தகுதியில்லை என்றே எழுதினார். அதற்குக் கீழே, லீவை மூன்று மாதம் நீட்டலாம் என்றும், அதுவரை காலை வேளையில் மாத்தளை பஸ் நிலையத்தில் நின்று எல்கடுவ பஸ்ஸுக்குத் தரிப்புகளைக் கூவி ஆள் ஏற்றும் வேலை கொடுக்கலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாலிஹ் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நிலையத்துக்குப் போகவேண்டும். அடுத்த சோதனை டிசம்பர் 9, பதின்மூன்று கிழமை.